காக்கையும் பனம்பழமும்: ஹூடினியின் மரணம் எழுப்பும் வினா

(வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது தமிழ் வழக்கில் நெடுநாளாக நிலவிவரும் ஒரு சொல். வடமொழித் தருக்க நூலார் இதனையே காகதாலீய நியாயம் என்பர். இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றையடுத்து ஒன்றாய் நிகழ்ந்துவிட்டால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று கொள்வது மனித மனத்தின் இயல்பு. அந்த இயல்பைக் கண்டு எச்சரிக்கவே இச்சொல் பிறந்தது. ஆயினும் இதனைச் சற்று ஊன்றி நோக்கினால், காக்கைக்கும் பழத்திற்கும் இடையே மூன்று வகைத் தொடர்பு இருக்க இடமுண்டு என்பது புலனாகும். காக்கையின் எடையே காம்பை முறித்திருக்கலாம். முன்னரே கனிந்து விழும் தறுவாயில் இருந்த பழத்தைக் காக்கையின் அசைவு சற்று விரைவுபடுத்தியிருக்கலாம். அன்றி, பழம் தானே விழ, காக்கை அந்நேரத்தில் அங்கே வந்திருந்ததோடு சரி என்றும் இருக்கலாம்.

உலகப் புகழ் பெற்ற ஒரு கலைஞரின் மரணத்தில் இந்த மூன்று விடைகளும் ஒன்றோடொன்று வழக்காடி நிற்கின்றன. அவ்வழக்கை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

1874ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் யூத சமயக் குரு ஒருவரின் மகனாக எரிக் வைஸ் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறினார். பிரெஞ்சு நாட்டு மாயவித்தைக் கலைஞர் ராபெர்ட் ஹூடினின் பெயரைத் தழுவி, ஹாரி ஹூடினி என்று மேடைப் பெயர் சூடிக்கொண்டார். கைவிலங்கு, காற்சங்கிலி, பூட்டிய பெட்டி, சிறைக்கூடம் ஆகிய எதனின்றும் விடுபட்டு வெளிவருவதே அவர் கலை. 1912 முதல், நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டிக்குள் தலைகீழாக இறக்கப்பெற்று, பூட்டப்பெற்று, மீண்டு வந்து காட்டினார். எந்தத் தளையும் தாங்காத உடல் என்று மக்கள் அவ்வுடலை நம்பினர். அவரும் அந்நம்பிக்கையை வளர்த்தார். தம் வயிற்றுத் தசைகளின் உறுதியைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது அவர் வழக்கம்.

1926 அக்டோபர் 11ஆம் நாள் ஆல்பனி நகரில், அந்த நீர்த்தொட்டிக்குள் இறங்க ஆயத்தமாகும் வேளையில் அவரது கணுக்கால் எலும்பு முறிந்தது. ஓய்வு கொள்ளுமாறு மருத்துவர் கூறிய அறிவுரையை ஏற்காமல், பயணத்தைத் தொடர்ந்து கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரை அடைந்தார். அவ்வாரம் மக்கில் பல்கலைக்கழகத்தில், இறந்தவரோடு பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுவோரைப் பற்றி உரையாற்றினார்.

அக்டோபர் 22, வெள்ளிக்கிழமை. பிரின்சஸ் அரங்கின் ஒப்பனை அறை. முறிந்த காலோடு ஹூடினி சாய்விருக்கையில் சாய்ந்திருக்கிறார். அவரை ஓவியமாக வரைய வந்த ஒரு மாணவரும் அவர் தோழரும் அருகே இருக்கின்றனர். மூன்றாவதாக ஒரு மாணவர் உள்ளே வருகிறார். விவிலியத்தின் அற்புதங்களைப் பற்றி ஏதோ கேட்கிறார். பிறகு, வயிற்றில் விழும் குத்துகளைத் தாங்கும் ஆற்றல் உங்களுக்கு உண்டு என்பது மெய்யா என்று வினவுகிறார். ஹூடினி இசைவு தெரிவித்ததும், அவர் எழுந்து தசைகளை இறுக்கிக்கொள்ளும் முன்னரே, சாய்ந்திருந்தவரின் வயிற்றில் அடுத்தடுத்துப் பல குத்துகள் விழுகின்றன. அவரது வலப்பக்கமே குத்தியவருக்கு அண்மையில் இருந்தது. போதும் என்று ஹூடினி கைகாட்டிய பின்னரே அது நின்றது. அருகிருந்த இரு மாணவரும் பின்னர் உறுதிமொழி ஏற்று அளித்த வாக்குமூலங்களால் உலகம் இக்காட்சியை அறிந்தது.

அன்றே வலி தொடங்கியது. மறுநாள் அது மிகுந்தது. இரவுத் தொடர்வண்டியில் டெட்ராய்ட் நகரை நோக்கிச் செல்லும்போது வலி தாங்கவொண்ணாததாயிற்று. 24ஆம் நாள் டெட்ராய்ட்டில் அவரைப் பார்த்த மருத்துவர், இது கடுமையான குடல்வால் அழற்சி என்றும், உடனே மருத்துவமனை செல்ல வேண்டும் என்றும் கூறினார். ஹூடினியோ, காத்திருந்த கூட்டத்தை ஏமாற்ற மனமின்றி, 104 பாரன்ஹீட் பாகையை எட்டிய காய்ச்சலோடு காரிக் அரங்கின் மேடை ஏறினார். நிகழ்ச்சி முடிந்து விடுதிக்குத் திரும்பிய பின்னும் மருத்துவமனை செல்ல எளிதில் இசையவில்லை. 25ஆம் நாள் கிரேஸ் மருத்துவமனையில் வயிற்றைத் திறந்தபோது, குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவியிருந்தது. சில நாள் கழித்து இரண்டாம் முறையும் அறுவை மருத்துவம் நிகழ்ந்தது. அக்டோபர் 31ஆம் நாள் பிற்பகல் 1.26 மணிக்கு, தம் 52ஆம் வயதில் ஹூடினி உயிர் நீத்தார்.

மாணவரின் குத்து அவரைக் கொன்றது என்று அன்று தொடங்கிய பேச்சு இன்றுவரை ஓயவில்லை. குத்து என்ற காக்கை அமர்ந்தது, உயிர் என்ற பழம் விழுந்தது. இது மெய்யாகுமா?

இதற்கு விடை காணக் குடல்வாலின் இயல்பை அறிதல் வேண்டும். பெருங்குடலின் தொடக்கத்தில், வயிற்றின் வலப்பக்கக் கீழ்ப்புறத்தில், சுமார் 9 செண்டிமீட்டர் நீளத்தில் புழுவைப் போல் தொங்கும் ஒரு குறுகிய குழாய் அது. ஒரு முனை மூடியிருக்கும். மறுமுனை குடலை நோக்கித் திறந்திருக்கும். இறுகிய மலத்துணுக்காலோ, உட்சுவரில் உள்ள நிணத் திசுவின் வீக்கத்தாலோ அந்த வாயில் அடைபட்டால், உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். அழுத்தம் ஏறும். சுவரின் இரத்த ஓட்டம் தடைப்படும். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அச்சுவருக்குள் புகும். முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி. பிறகு அது வலப்பக்கக் கீழ்ப்புறத்திற்கு இறங்கி நிலைகொள்ளும். கவனியாது விட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களுக்குள் சுவர் அழுகி உடையும். இந்நோய்க்கு இன்றைய ஆங்கிலப் பெயரை 1886இல் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் சூட்டினார்.

இந்த நிகழ்வு முறையில் வெளியிலிருந்து வரும் அடிக்கு இடம் எங்கே? முதல் விடையை உரைப்போர், இடம் உண்டு என்பர். அடியினால் குடல்வாலின் சுவரில் இரத்தம் கட்டலாம். சுவர் வீங்கி உள்வழி அடைபடலாம். வயிற்றுள் திடீரென ஏறும் அழுத்தம் மலத்துணுக்கைக் குழாய்க்குள் தள்ளலாம். மிதிவண்டியின் கைப்பிடி வயிற்றில் இடித்ததையும், ஊர்தி விபத்தையும் அடுத்துக் குடல்வால் அழற்சி தோன்றிய நிகழ்ச்சிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஆகவே, நடக்கவே இயலாதது என்று இதனைத் தள்ளுதல் கூடாது.

ஆனால் அப்பதிவுகள் மிக அரியவை. குடல்வால் சிறியது, குடல் மடிப்புகளிடையே நெகிழ்ந்து கிடப்பது, வயிற்றுத் தசைகளின் பின்னே மறைந்திருப்பது. வயிற்றில் விழும் பேரடி வழக்கமாகத் தாக்குவது மண்ணீரலையும் கல்லீரலையும் குடலையுமே. மேலும், நூறு பேரில் ஏறத்தாழ ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறை வரக்கூடிய நோய் இது. இவ்வளவு பரவலான நோய், அடிபட்ட சிலருக்கு அடிபட்ட வாரத்திலேயே தானாக வருவதும் இயல்பே. மற்போர் வீரர்களும் குத்துச்சண்டை வீரர்களும் நாள்தோறும் வயிற்றில் அடி வாங்குகின்றனர். அதனால் அவர்களிடையே இந்நோய் பெருகியதாக மருத்துவம் கண்டதில்லை.

இரண்டாம் விடை, நோய் முன்னரே தொடங்கியிருந்தது, குத்து அதை முடுக்கிவிட்டது என்பது. வீங்கி நைந்திருந்த சுவர் ஓர் அடியால் உடைதல் கூடும். எனினும் அவ்வாறு குத்தின்போதே உடைந்திருந்தால், மாண்ட்ரியல் மேடையில் அதன்பின் அவர் தோன்றியிருத்தல் அரிது. வலி சிறுகச் சிறுக ஏறியதும், மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்ததும், இந்நோய் அடியின்றித் தானே நடைபோடும் முறைக்கும் முற்றும் பொருந்துகின்றன.

மூன்றாம் விடையையே இன்று மருத்துவருள் பலர் ஏற்கின்றனர். நோய் தன் வழியே வந்தது. குத்து வேறொரு தீங்கைச் செய்தது: அது வலிக்கு ஒரு பொய்யான விளக்கத்தைத் தந்தது. குத்து வாங்கிய வயிறு வலிக்கத்தானே செய்யும் என்று நோயாளியும் உடனிருந்தோரும் எண்ண இடங்கொடுத்தது. உடலின் உண்மையான அலறல், தசைவலி என்ற போர்வைக்குள் மறைந்தது. குத்து இல்லாமல் அதே காலத்தாழ்வு நேர்ந்திருந்தால் ஹூடினி இறந்திருப்பார். குத்து விழுந்தும் காலத்தாழ்வு நேராதிருந்தால், பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினால், காரணத்தின் பாரம் எங்கே சாய்கிறது என்பது விளங்கும்.

இதற்கு ஒப்பாக ஓர் அரசரின் வரலாற்றைக் காட்டலாம். 1902 சூன் 26ஆம் நாள் இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா. அவரை எவரும் குத்தவில்லை; ஆயினும் விழாவுக்குச் சில நாள் முன்னர் குடல்வால் நோய் கண்டு சீழ் கட்டியது. பல நாட்டு விருந்தினர் வந்து குவிந்த நிலையில் விழாவைத் தள்ளிவைக்க அவர் விரும்பவில்லை. மருத்துவர்கள் விடவில்லை. 24ஆம் நாள் ஃபிரெடெரிக் டிரீவ்ஸ் அறுவை செய்து சீழை வெளியேற்றினார். ஆகஸ்டில் முடி சூடிய அரசர் 1910 வரை வாழ்ந்தார். அரசருக்கு மேடை காத்திருந்தது; கலைஞர் மேடையைக் காத்திருக்க விடவில்லை. ஹூடினி இறந்து இரண்டாண்டு கழித்து, 1928இல்தான் பெனிசிலின் கண்டறியப்பட்டது. அது மருந்தாகப் பரவியது 1940களில். சீழ் பரவிய வயிற்றுக்கு 1926இல் கத்தியன்றி வேறு துணை இல்லை. ஆதலின் ஒவ்வொரு மணிநேரமும் விலைமதிப்பற்றதாயிருந்தது.

அப்படியாயின் குத்தே காரணம் என்ற கருத்து ஏன் நிலைத்தது? அன்று மருத்துவம் அளித்தவர்களே அவ்வாறு கருதினர். விபத்தால் மரணம் நேரின் இருமடங்கு தொகை வழங்கும் காப்பீட்டு ஒப்பந்தம் ஒன்று இருந்தது. விசாரணைக்குப் பின் அந்நிறுவனமும் அதை விபத்தாகவே ஏற்றுப் பணம் வழங்கியது. பிரேதப் பரிசோதனை நிகழவில்லை. வழக்கும் தொடரப்படவில்லை. காப்பீட்டின் தீர்ப்பு மருத்துவத்தின் தீர்ப்பாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. 1953இல் வந்த திரைப்படமோ அவரை நீர்த்தொட்டி வித்தையில் இறக்கச் செய்தது. அப்படியே நம்புவோர் இன்றும் உளர். ஆவியுலகத்தார் நஞ்சு வைத்தனர் என்ற ஐயமும் கிளம்பி, 2007இல் கல்லறையைத் தோண்டி ஆராய வேண்டும் என்ற கோரிக்கைவரை சென்றது.

இங்கே கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரே அடியில் வீழ்ந்த வீரன் என்பது கதைக்கு உகந்த முடிவு. காய்ச்சலை மறைத்து மேடை ஏறி, மருத்துவரின் சொல்லைத் தள்ளி, மெல்ல மெல்ல மரணத்தை அணுகிய மனிதன் என்பது உண்மைக்கு உகந்த முடிவு. முதலாவதைத் தேர்ந்தெடுக்கும்போது கதை கூர்மை பெறுகிறது. ஆனால் அதன் விலையை வேறொருவர் செலுத்துகிறார். இசைவு கேட்டுப் பெற்று, அறியாமையால் அளவு மீறிய ஓர் இளைஞர், பல தலைமுறைகளாகக் கொலையாளி என்று சுட்டப்பட்டு வருகிறார். அவர் செய்தது குற்றமற்றது என்று சொல்வதற்கில்லை; படுத்திருப்பவரைக் குத்துதல் பண்பன்று. ஆயினும் பண்பின்மைக்கு உரிய பழி வேறு, கொலைக்கு உரிய பழி வேறு. இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லும் கடமை சொல்லை ஆள்வோருக்கே மிகுதி.

நடைமுறைக்கு உரிய ஒரு பாடமும் இதில் அடங்கியுள்ளது. வயிற்றுவலி வந்தவுடன், நேற்று உண்டது, முந்தாநாள் விழுந்தது என்று ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு அமைதியடைவது எல்லா வீடுகளிலும் நிகழ்வது. தொப்புளருகே தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலி, வாந்தி, காய்ச்சல் ஆகியவை சேர்ந்தால், கையில் எவ்வளவு நல்ல விளக்கம் இருந்தாலும் மருத்துவரிடம் சென்றாக வேண்டும். நோயின் முதலைத் தேடிய பின்னரே மருந்தைத் தேடச் சொன்ன மரபில் வந்தோர்க்கு இது புதிய செய்தியன்று.

எல்லாப் பூட்டுகளையும் திறந்த மனிதர், தம் வலிக்குத் தாமே இட்டுக்கொண்ட விளக்கம் என்ற பூட்டைத் திறக்கவில்லை. பனை மரத்தடியில் நிற்போர் காக்கையைப் பழிக்கும் முன், பழத்தின் காம்பை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தல் நன்று.