கண்புரை அறுவைக்கு முன்னும் பின்னும்



தீபாராதனை காட்டப்படும் வேளையில் மூலவரின் திருமுகம் தெளிவாகத் தெரியாமல், சுடரைச் சுற்றிப் படரும் ஒளிவளையத்தை மட்டுமே காணும் முதியோர் ஒவ்வோர் ஆலயத்திலும் உளர். விளக்கு மங்கலாய் எரிகிறது என்பர் அவர்கள். வயதானால் அப்படித்தான் என்பர் பிள்ளைகள். கண்மணிக்குப் பின்னால் பளிங்குபோல் அமைந்துள்ள இயற்கை வில்லை சிறுகச் சிறுகக் கலங்கிப் போவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அதுவே கண்புரை. சொட்டு மருந்தாலோ பத்தியத்தாலோ அது கரைவதில்லை. கலங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லையைப் பொருத்தும் அறுவை ஒன்றே வழியாகும்.

மலேசியாவில் 2014-ஆம் ஆண்டு நடைபெற்ற தேசியக் கண் ஆய்வில், ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே காணப்பட்ட பார்வையிழப்பில் 58.6 விழுக்காடு சிகிச்சை பெறாத கண்புரையால் நேர்ந்ததெனத் தெரியவந்தது. கெடா மாநிலத்தில் அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையிலும், சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலீம் மருத்துவமனையிலும் கண் மருத்துவப் பிரிவுகள் உள்ளன. தஞ்சோங் டாவாயிலிருந்து சுங்கைப்பட்டாணி எட்டாத தொலைவன்று. ஆயினும் அந்த வாயிலை அடைவதற்குள் பலர் சில ஆண்டுகளை வீணே கழித்துவிடுகின்றனர். அவ்வாண்டுகள் பெரும்பாலும் மூக்குக் கண்ணாடிக் கடையில்தான் கழிகின்றன.

இது எவ்வாறு நேர்கிறது என்பதை விளக்குதல் தகும். வில்லையின் நடுப்பகுதி இறுகிப் புரை வளரும்போது கிட்டப்பார்வை உண்டாவது இயல்பு. அதுவரை கண்ணாடியின்றி நாளிதழ் படிக்க இயலாத பாட்டி, ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குவார். வீட்டார் மகிழ்வர். அம்மகிழ்ச்சி சில மாதங்களே நிலைக்கும். பின்னர் தூரம் மங்கும். புதிய கண்ணாடி வாங்கப்படும். ஆறு மாதத்தில் அதுவும் போதாமற் போகும். மீண்டும் ஒன்று வாங்கப்படும். மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில் மீன் உலர்த்தும் களங்களில் கண் கூசும் வெயிலில் உழைத்தோரும், விடியுமுன் தலைவிளக்குடன் நிரைக்குச் சென்று மெல்லிய பட்டையாய் மரத்தைச் சீவிப் பால் எடுத்தோரும், கண்ணின் குறையைக் கண்ணாடியின் குறையென்றே எண்ணிக் காலம் கடத்துகின்றனர்.

இவ்விடத்தில்தான் ஆப்டோமெட்ரிஸ்ட் எனப்படும் பார்வைப் பரிசோதகரின் பணி தொடங்குகிறது. இவர் அறுவை செய்யும் மருத்துவர் அல்லர். சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தித் தருவதோடு பணி முடிபவரும் அல்லர். கண்ணை அளந்து, எது கண்ணாடியால் தீரும், எது தீராது என்று பிரித்தறியப் பயின்றவர். ஊசித்துளையளவு ஓட்டையுள்ள ஒரு தகட்டின் வழியே எழுத்துகளைப் படிக்கச் செய்வது அவர் கையாளும் எளிய சோதனைகளுள் ஒன்று. துளை வழியே பார்வை தெளிந்தால் கண்ணாடி உதவக்கூடும். தெளியாவிடில் குறை வேறிடத்தில் உள்ளதென ஐயுற்று மருத்துவரிடம் அனுப்புவார். மலேசியாவில் 1991-ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டத்தின்கீழ் இத்தொழிலோர் மலேசிய ஒளியியல் மன்றத்தில் பதிவு பெறுதல் வேண்டும். தாய் தந்தையரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள், கடையில் கண்ணைச் சோதிப்பவர் பதிவு பெற்றவர்தாமா என்று வினவுவதில் தவறொன்றுமில்லை. ஓராண்டுக்குள் இருமுறை கண்ணாடியின் பவர் மாறினால், மூன்றாவது கண்ணாடி வாங்குவதற்கு முன் மருத்துவமனைக்குக் கடிதம் கேட்டுப் பெறுதல் நன்று.

அறுவை செய்வதென முடிவானபின் அளவையின் பங்கு இன்னும் பெரிதாகிறது. கண்ணுள் வைக்கும் செயற்கை வில்லையை முதன்முதலில் 1949-ஆம் ஆண்டு இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரோல்ட் ரிட்லி பொருத்தினார். அம்முறை பரவுமுன், புரை நீக்கப்பட்டோர் கண்ணாடிப் போத்தலின் அடிப்பாகம்போல் தடித்த கண்ணாடிகளை அணிந்தே வாழ்ந்தனர். அவற்றின் வழியே பொருள்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிந்தமையால், படியிறங்கக் கால் வைப்பதே அச்சமாயிருந்தது. பழைய தோட்டத்து முதியோரை நினைவுகூர்வோர் அக்கண்ணாடிகளையும் நினைவுகூர்வர். இன்று வில்லை கண்ணுக்குள்ளேயே அமர்கிறது. எனவே அதன் பவர் முன்னரே சரியாகக் கணக்கிடப்பட வேண்டும். கண்ணின் முன்பின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிழை நேரினும், பார்வையில் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை பிழையாக அது வந்து நிற்கும். கைதேர்ந்த அறுவையும் அப்பிழையைத் திருத்தாது.

ஆதலால் அளவெடுக்கச் செல்லும் நாள் சடங்குக்காகச் செல்லும் நாளன்று. ஒட்டுவில்லை அணிவோர் சில நாள் முதல் சில வாரம் வரை அதனை நீக்கியிருத்தல் வேண்டும். எத்தனை நாள் என்பதைப் பரிசோதகர் கூறுவார். கண் வறட்சி உள்ளோருக்குக் கருவிழியின் வளைவு அளவு நிலையாக நிற்பதில்லை. முதலில் வறட்சிக்குச் சிகிச்சை தேவைப்படும். இனிப்பு நீர் நோயுள்ளோரின் சர்க்கரை ஏறி இறங்கும் காலத்தில் கண்ணின் பவரும் ஏறி இறங்கும். பரிசோதனைக்கு முந்திய நாள் மட்டும் பட்டினி கிடந்து சர்க்கரையைக் குறைத்துக் காட்டுவது வீட்டில் பாராட்டுப் பெறலாம். கண்ணுக்கு அதனால் பயனில்லை. உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் பையோடு கொண்டு சென்று காட்டுதல் வேண்டும். குறிப்பாக, ஆடவர் பலர் சிறுநீர்த் தடைக்கென உட்கொள்ளும் டாம்சுலோசின் எனும் மருந்து அறுவையின்போது கண்மணியைத் தளர்ந்து சுருங்கச் செய்யவல்லது. முன்கூட்டியே அறிந்தால் மருத்துவர் அதற்கேற்ப ஆயத்தமாவார். வெட்கத்தால் மறைக்கப்படும் மருந்தும் அதுவேயாகும்!

வேறொன்றையும் அளவெடுக்கும் நாளிலேயே பேசியாக வேண்டும். வழக்கமாகப் பொருத்தப்படும் வில்லை ஒரே தொலைவுக்கு உரியது. பெரும்பாலும் அது தூரப் பார்வைக்கென அமைக்கப்படுகிறது. கிட்டத்தில் படிக்கப் பின்னரும் கண்ணாடி தேவைப்படும். வலை பின்னுபவருக்கும், பூத்தொடுக்கும் அம்மையாருக்கும், தேவார ஏட்டைக் கையில் வைத்து ஓதுவாருக்கும், வாகனம் ஓட்டுவோருக்கும் தேவை ஒன்றன்று. நாள் முழுவதும் கைகள் எத்தொழிலில் ஈடுபட்டுள்ளன என்பதை வாய்விட்டுக் கூறாதவருக்கு, அறுவை செவ்வனே நடந்தும் மனக்குறை எஞ்சுகிறது.

இவ்வளவைப் பணியின் அருமையை உணர்ந்து செயற்பட்டவர் மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவைக் கலையைப் பயின்ற அப்பெருமகன், பணி ஓய்வுக்குப்பின் 1976-ஆம் ஆண்டு பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்றுவித்து, பார்வை சோதித்தல், கண் அளத்தல் ஆகிய பணிகளை அவர்களிடம் ஒப்படைத்தமையால், மருத்துவரின் நேரம் அறுவைக்கே பயன்பட்டது. 1992-ஆம் ஆண்டு தோன்றிய ஆரோலேப் நிறுவனம் செயற்கை வில்லையை ஏழைக்கும் எட்டும் விலையில் உருவாக்கியது. அவ்வில்லையும் சரியாக அளந்தறிந்த கண்ணில் வைக்கப்பட்டாலன்றோ பயன்!

அறுவை அரை மணி நேரத்திற்குள் முடிந்து, பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர். மறுநாள் கட்டு நீக்கப்பட்டதும் உலகம் வெளிச்சமாகத் தெரிகிறது. மறுபரிசோதனை நாள்கள் மறக்கப்படுகின்றன. ஆலயத்திற்கு வரும் அன்பர்கள் சிலவற்றை உளங்கொள்ள வேண்டும். திருநீறு நெற்றியிலிருந்து உதிர்ந்து கண்ணில் விழக்கூடும். கற்பூரப் புகை எரிச்சலூட்டிக் கண்ணைக் கசக்கத் தூண்டும். தலைக்கு நீராடுதல், அபிஷேகத் தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுதல், தீமிதிக்கான களத்தருகே நிற்றல், பால்குடம் சுமத்தல், நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து வணங்குதல் ஆகியவற்றை மருத்துவர் இசைவு தரும் வரை ஒத்திவைத்தல் தகும். தாய்ப்பால், பன்னீர், தேன் ஆகியவற்றைக் கண்ணில் விடும் பழக்கம் அறவே ஆகாது.

சொட்டு மருந்தைச் சிவப்பு மறைந்தவுடன் நிறுத்திவிடுதலும், தீர்ந்தபின் தாமே கடையில் வாங்கித் தொடர்தலும் ஒருங்கே தீங்காகும். அம்மருந்துகளுள் ஒன்றான ஸ்டீராய்டு சிலருக்குக் கண்ணழுத்தத்தைக் கூட்டும். மறுபரிசோதனையில் அழுத்தம் அளக்கப்படுவது இதனாலேயே. கண்வலி மிகுதல், சிவப்பு கூடுதல், தெளிந்த பார்வை மீண்டும் மங்குதல் ஆகிய மூன்றில் எது தோன்றினும் அன்றே, அது திருவிழா நாளாயினும், மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். கண்ணுள் கிருமி புகுந்திருப்பின் ஓரிரவுத் தாமதமும் பார்வையைப் பறிக்கும். மின்னல்போல் ஒளி வீசுதல், கரும்புள்ளிகள் பெருகுதல், திரை இறங்குவதுபோல் தோன்றுதல் ஆகியவை விழித்திரை விலகலின் அறிகுறிகள். எவ்வளவு காலம் கழித்துத் தோன்றினும் அதே விரைவு தேவை.

புதிய கண்ணாடிக்கான அளவு பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களில், புண் ஆறிப் பவர் நிலைத்த பின்னரே எடுக்கப்படும். பத்தாம் நாளே கண்ணாடி வாங்குவோர் மீண்டும் வாங்க நேரிடும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்துகொண்டவருக்கு இரு கண்களின் பவரும் பெரிதும் வேறுபட்டு, தலைசுற்றலும் கால் இடறலும் உண்டாதல் கூடும். அறுவையில் பிழையென அவர் எண்ணுவார். பரிசோதகர் காரணத்தை விளக்கி, மறுகண்ணின் அறுவை வரை தற்காலிக ஏற்பாடு செய்வார்.

மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழிந்து அறுவை செய்த கண் மீண்டும் மங்கினால், புரை திரும்பிவிட்டதென்று மனமுடைவோர் உளர். நீக்கப்பட்ட புரை மீண்டும் வளர்வதில்லை. வில்லையைத் தாங்கும் மெல்லிய உறையே மங்கியிருக்கும். லேசர் கதிரால் சில நிமிடங்களில் அதில் வழி திறக்கப்படும். அதற்கெனச் செல்லும்போதும், மறுகண்ணின் அறுவைக்குச் செல்லும்போதும், முதல் அறுவையின் அளவுகளும் பொருத்தப்பட்ட வில்லையின் பவரும் குறித்த அட்டையை உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும். அவ்வட்டை பெரும்பாலான இல்லங்களில் மின்கட்டண ரசீதுகளுக்கிடையே கிடக்கிறது.