ஆழமும் குளிரும்: மூச்சுக் கருவியைத் தெரிந்தெடுத்தல்

(நூற்றாண்டு விழாவின் அறிவியல் அமர்வில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



தேயிலையும் இறப்பரும் விளையும் சப்ரகமுவ மலைகளில் பிறந்தவர்களுக்கும் ஆழ்நீருக்கும் என்ன தொடர்பு என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்த சிலர் கேட்டீர்கள். எங்களில் பலர் இன்று கனடாவிலும் நோர்வேயிலும் இங்கிலாந்திலும் குடியிருக்கிறோம். அங்கே எங்கள் பிள்ளைகள் நீச்சலோடு நிற்காமல் சுழியோடவும் பழகுகிறார்கள். எங்களிலும் சிலர் பழகியிருக்கிறோம். "எந்த ரெகுலேற்றர் வாங்குவது?" என்ற கேள்வி எங்களுக்குள் அடிக்கடி எழுகிறது. கடைக்காரர் விலையைச் சொல்வார். காரணத்தை நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

காற்று இல்லாத இடத்தில் வேலை செய்வதன் ஆபத்தை இரத்தினபுரி மக்களுக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாணிக்கக்கல் குழிக்குள் மெழுகுவர்த்தியை எரியவிட்டுக் காற்றைப் பார்க்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. ஒட்சிசன் குறைந்தால் சுடர் மங்கும். ஆனால் நீர் இறைக்கும் இயந்திரத்தின் புகையில் உள்ள காபனோரொட்சைட்டை அந்தச் சுடர் காட்டிக்கொடுக்காது. சுழியோடியின் சிலிண்டரை நிரப்பும் இடத்திலும் இதே ஆபத்து உண்டு. காற்றை உள்ளிழுக்கும் குழாய் இயந்திரப் புகைக்குப் பக்கத்தில் இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த ரெகுலேற்றரும் அந்த நஞ்சையே வாய்க்குக் கொண்டுவந்து தரும். ஆகவே கருவிக்கு முன்னால் காற்று. அதை எங்கே நிரப்புகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

இனி கருவிக்கு வருவோம். 1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கக்னான் என்ற பொறியியலாளரும் இதற்கு வழி கண்டார்கள். போர்க்காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது மோட்டார் வண்டிகளை வாயுவில் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு வால்வையே அவர்கள் மனிதரின் மூச்சுக்கு ஏற்றவாறு மாற்றினார்கள். கக்னான் பின்னர் கனடாவின் மொன்றியலில் குடியேறினார். நம் நாட்டுக்கு இந்தக் கலையோடு பழைய உறவு உண்டு. மன்னாரில் முத்துக்குளித்தவர்கள் கருவியே இல்லாமல் மூச்சடக்கி இறங்கினார்கள். 1956இல் இலங்கைக்கு வந்து தங்கிவிட்ட எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் சுழியோடிதான்.

சிலிண்டரில் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதை அப்படியே சுவாசிக்க முடியாது. சிலிண்டரில் பூட்டப்படும் முதற்கட்டம், சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் கூடுதலான அளவுக்கு அதைக் குறைக்கிறது. வாயில் கௌவியிருக்கும் இரண்டாம் கட்டம், நீரின் அழுத்தத்துக்குச் சமமாக்கி, நாம் உள்ளிழுக்கும்போது மட்டும் காற்றை விடுகிறது.

ஆழம் என்ன செய்கிறது? ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீற்றரில் நான்கு மடங்கு. அங்கே ஒரே மூச்சுக்கு நான்கு மடங்கு காற்று செலவாகும். அந்தக் காற்றும் நான்கு மடங்கு அடர்த்தியாக இருக்கும். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பாரில் ஏறத்தாழ 2400 லீற்றர் காற்று உண்டு. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவருக்கு அது இரண்டு மணித்தியாலம் வரும். 30 மீற்றரில் அரை மணித்தியாலந்தான். அதிலும் மேலே வருவதற்குரிய காற்றை ஒதுக்க வேண்டும். ஆகவே ஆழத்துக்குப் போகிறவர் சமநிலைப்படுத்தப்பட்ட முதற்கட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சிலிண்டரில் அழுத்தம் குறைந்த பின்னும் அது இழுவையைக் கடினமாக்காது.

குளிர் செய்வது வேறு. சைக்கிள் ரயரின் வால்வை அமுக்கிக் காற்றை வெளியே விட்டுப் பாருங்கள், விரல் சில்லிடும். அழுத்தத்திலிருந்து விடுபட்டு விரியும் காற்று குளிர்கிறது. 200 பாரிலிருந்து இறங்கும் காற்று முதற்கட்டத்தை உறைநிலைக்கும் கீழே கொண்டுபோகும். வெப்பமான கடலில் சுற்றியுள்ள நீரே அதைச் சூடாக்கிவிடும். 4 பாகை நீருக்கு அந்த வலிமை இல்லை. நன்னீர் 4 பாகையிலேதான் மிக அடர்த்தியாகி அடியில் தங்கும் என்று இதே கல்லூரியில் படித்தோம். கனடாவின் ஆழமான ஏரிகளின் அடியில் நாம் சந்திப்பது அந்த நீரைத்தான். அப்போது உள்ளே பனிக்கட்டி பிடித்து வால்வு திறந்தபடியே நின்றுவிடலாம். காற்று நிற்காமல் பீறிடும். அப்படிப் பீறிடுவதால் குளிர் இன்னும் கூடும். நிறைந்த சிலிண்டர் சில நிமிடங்களில் வெறுமையாகிவிடும்.

எனவே குளிர்நீருக்கு வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது, முதற்கட்டத்தின் சுருள்வில்லை நீர் தொடாதபடி அடைத்து மூடியிருக்க வேண்டும். மென்சவ்வு வகைகளில் இது எளிது. இரண்டாவது, இரண்டாம் கட்டத்தில் வெப்பத்தைக் கடத்தும் உலோகப் பகுதி இருப்பது நல்லது. மூன்றாவது, கருவியில் பொறித்த எழுத்தை வாசியுங்கள். ஈஎன் 250 என்ற ஐரோப்பிய நியமப்படி 10 பாகைக்குக் குறைந்த நீர் குளிர்நீர். அதற்குத் தகுதி பெறாத கருவியில் "10 பாகைக்கு மேல்" என்பதைக் குறிக்கும் அடையாளம் இருக்கும். அதைக் கண்டால், விலை மலிவு என்று பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நல்ல கருவியும் பழக்கம் கெட்டால் உறையும். பனிக்காற்றில் கரையில் நின்று வாயில் வைத்து ஊதிப் பார்க்காதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே தங்கும். பொத்தானை அமுக்கிக் காற்றை வீணாக விடாதீர்கள். உள்ளிழுக்கும் அதே வேளையில் மிதவைச் சட்டைக்கும் காற்று ஏற்றாதீர்கள். குளிர்நீரில் பழகியவர்கள் தனித்தனி வால்வுகளில் இரண்டு முதற்கட்டங்களைப் பூட்டுவார்கள். ஒன்று உறைந்தால் அதை மூடிவிட்டு மற்றதில் சுவாசிக்கலாம். ஆண்டுக்கொரு முறை தேர்ந்த தொழில்நுட்பவியலாளரிடம் பழுதுபார்க்கக் கொடுங்கள்.

ஊரோடு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் கடல் வெப்பமானது. இங்கே உறையும் பயம் இல்லை. ஆழத்தின் பயம் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றருக்கும் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளின் எல்லை 40 மீற்றர். அதற்கு அப்பால் கருவி மட்டும் போதாது. தனிப் பயிற்சி வேண்டும். 30 மீற்றரைத் தாண்டினாலே நைதரசன் மயக்கம் தலைக்கேறிப் புத்தியை மழுக்கும்.

தங்கைகளே, எங்கள் காலத்தில் நீர் பெண்பிள்ளைகளுக்கு உரியதல்ல என்று சொல்லி ஆற்றங்கரையிலிருந்து எங்களைத் திருப்பி அழைத்தார்கள். அந்தப் பயத்தில் அன்பும் இருந்தது. மழைக்காலக் களுகங்கையைக் கண்டவர்களுக்கு அது விளங்கும். ஆனால் நீந்தத் தெரியாமல் இருப்பது பாதுகாப்பு ஆகாது. முதலில் நீந்தப் பழகுங்கள். கடலும் ஏரியும் பிறகு வரட்டும். இறங்கும் நாள் வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தக் காற்று எங்கே நிரப்பப்பட்டது? இந்தக் கருவி எந்தக் குளிருக்கும் எந்த ஆழத்துக்கும் சோதிக்கப்பட்டது? இது நின்றுவிட்டால் அடுத்த மூச்சு எங்கிருந்து வரும்? மூன்றுக்கும் விடை கிடைக்காவிட்டால் கரையிலேயே நில்லுங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.