நீருக்கும் காற்றுக்கும் இடையே ஒரு கண்ணாடி



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நீரடி ஒளிப்படக் கருவியைப் பற்றிய பொழிவா எனச் சிலர் வியக்கக்கூடும். நெய்தல் திணையைப் பயின்றோர்க்கு அவ்வியப்பு நெடுநேரம் நில்லாது. நெய்தற் புலவர்கள் கரையில் நின்று கடலைக் கண்டவர்கள். அலை, கானல், நாரை, திமில், தாழை ஆகிய அனைத்தும் அவர்தம் கண்ணுக்கு எட்டின. கொற்கைத் துறையில் மூழ்கிச் சிப்பி எடுத்தவன் கீழே கண்டவற்றைப் புலவர் காணவில்லை, கண்டவனும் எழுதிவைக்கவில்லை. கடலடியில் கண்டதைக் கரைக்குக் கொணர்ந்து காட்டும் வழி மனித இனத்துக்குக் கிட்டியது மிகவும் பிற்பட்டே.

1856-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வேமவுத் விரிகுடாவில் வில்லியம் தாம்சன் என்பார் ஒளிப்படக் கருவி ஒன்றை மரப்பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கினார். அவர் தொழிலால் வழக்கறிஞர். இயற்கை ஆய்வில் ஈடுபாடு கொண்டவர். பெட்டியின் முன்புறம் கண்ணாடி பதித்திருந்தது. அவர் மூழ்கவில்லை, படகில் இருந்தபடியே கயிற்றை இழுத்து மூடியைத் திறந்தார், பத்து நிமிடம் போலக் காத்திருந்தார். பெட்டியை மேலே தூக்கியபோது உள்ளே கடல்நீர் புகுந்திருந்தது. ஆயினும் தகட்டில் மணலும் பாறையும் பாசியும் மங்கலாகப் பதிந்திருந்தன. நீரடியில் எடுத்த முதல் ஒளிப்படம் என அதனையே கூறுவர்.

நீர் ஒழுகிய அந்தப் பெட்டியிலேயே இக்கலையின் மூன்று உறுப்புகளும் அமைந்துவிட்டன. படம் பிடிக்கும் லென்சு ஒன்று. கருவியைக் காக்கும் உறை ஒன்று. உறையின் முன்புறத்தில் லென்சு வெளியே பார்ப்பதற்கென அமைந்த கண்ணாடிச் சாளரம் ஒன்று. உறையை முக்குளிப்போர் ஹவுசிங் என்பர். சாளரத்தைப் போர்ட் என்பர்; ஈண்டு அது முகப்பு எனக் குறிக்கப்பெறும். கருவி வாங்கச் செல்வோர் பலர் லென்சைப் பற்றி நெடிது ஆராய்கின்றனர். உறைக்குப் பெரும்பணம் ஒதுக்குகின்றனர். முகப்பை மட்டும் எஞ்சிய பணத்தில் இறுதியாக வாங்குகின்றனர். இவ்வரிசை தலைகீழானது. நீரடியில் படத்தைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் அம்முகப்பே.

ஒளி நீரிலிருந்து காற்றுக்குள் நுழையும்போது வளைகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. நீர் நிறைந்த குவளையில் இட்ட கோல் முறிந்தாற்போலத் தோன்றுவது சிறுவரும் அறிந்ததே. உறைக்குள் இருப்பது காற்று. வெளியே இருப்பது நீர். ஆதலின் இரண்டையும் பிரிக்கும் கண்ணாடி தட்டையாக இருப்பின் வெளியே உள்ள பொருள், உண்மைத் தொலைவில் முக்கால் பங்கிலேயே இருப்பதாகத் தோன்றும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். முக்குளிப்போன் அணியும் முகக்கண்ணாடி வழியே நான்கு அடித் தொலைவில் உள்ள மீன் மூன்று அடியில் இருப்பதாகத் தோன்றுவதும் இதனாலேயே. கரையேறியபின் மீனவர் சொல்லும் மீனின் நீளத்துக்கு இயற்பியலிலும் ஓரளவு சான்று உண்டு என்க!

சிறு பொருளைப் பெரிதாகக் காட்ட விழைவோர்க்கு இவ்வியல்பு ஒரு கொடை. பவளத் திட்டில் விரல் நகத்தளவே உள்ள இறாலையும் கடல் நத்தையையும் படம் எடுப்போர், 60 மி.மீ. அல்லது 100 மி.மீ. அளவுள்ள மேக்ரோ லென்சைத் தட்டை முகப்பின் பின்னே பொருத்துகின்றனர். அத்தகைய லென்சின் பார்வை குறுகியது. ஒளிக்கதிர்கள் கண்ணாடியில் ஏறத்தாழ நேராகவே விழுகின்றன. எனவே பிழையும் சிறிதே. இவ்விரண்டனுள் 60 மி.மீ. லென்சு, பொருளுக்கு மிக அருகில் செல்லுமாறு பணிக்கும், 100 மி.மீ. லென்சு சற்று விலகி நிற்க இடம் தரும். அஞ்சி ஒளியும் உயிரினத்துக்குப் பின்னதே ஏற்றது. கலங்கல் நீரில் முன்னதே உதவும்.

அகன்ற காட்சியை விழைவோர்க்கோ தட்டை முகப்பு பகையாகிறது. காற்றில் 90 பாகை அளவு காணும் லென்சு, தட்டைக் கண்ணாடியின் பின்னே நீரினுள் 64 பாகை அளவே காணும். விளிம்பு நோக்கிச் செல்லச் செல்லக் கதிர்கள் சாய்ந்து விழுவதால் உருவம் இழுபட்டு நிறங்களும் பிரிந்து நிற்கும். பெரும்பணம் கொடுத்து வாங்கிய அகல்கோண லென்சு தன் அகலத்தையே இழந்துவிடுகிறது.

நீரடியில் அகலம் எதற்கு என்னும் வினா எழலாம். விடை நீரின் இயல்பில் உள்ளது. நீர் ஒளியை உண்கிறது. சிவப்பை முதலில் உண்கிறது. தெளிந்த கடலிலும் சில மீட்டர் ஆழத்திலேயே செந்நிறம் மங்கிப் பொருள்கள் நீலச் சாயல் கொள்கின்றன. பிளாஷ் ஒளியைக் கொண்டு சென்றாலும் அது பொருளுக்குப் போய்த் திரும்பும் வழி முழுதும் நீர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் அவ்வொளியைத் திருப்பி அனுப்பிப் படம் எங்கும் பனி பெய்தாற்போலப் புள்ளிகளை நிரப்புகின்றன. பிளாஷ் விளக்குகளை லென்சுக்கு இருபுறமும் தள்ளி வைத்துச் சற்றே வெளிப்புறமாகத் திருப்புவது இதன் பொருட்டே. ஆயினும் உறுதியான மருந்து ஒன்றே உண்டு: இடையில் உள்ள நீரைக் குறைத்தல். பொருளை நெருங்கினால் அது முழுமையாகப் படத்தில் அடங்காது. நெருங்கியும் முழுமையாக அடக்க வேண்டுமாயின் அகல்கோண லென்சு இன்றியமையாதது.

திருகோணமலையை நினைத்துப் பார்த்தல் தகும். போர்த்துக்கீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் 1956-ஆம் ஆண்டு மைக் வில்சன், ஆர்தர் சி. கிளார்க் ஆகியோர் பாறையடிக் கடலில் மூழ்கிக் கண்டனர். 1957-இல் வெளிவந்த ‘தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரபேன்’ என்னும் நூலில் கிளார்க் அதனை எழுதினார். சாய்ந்து கிடக்கும் கோயில் தூண் ஒன்றை முழுமையாகக் காட்ட வேண்டின், குறுகிய பார்வை உடைய லென்சு படம் எடுப்பவனைப் பல அடி பின்னே தள்ளும். பின்னே செல்லும் ஒவ்வோர் அடியிலும் நீர் கூடும். தூணின் செதுக்கல் மறைந்து நிழல் மட்டும் எஞ்சும்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்ப்பது குவிமாட முகப்பு. அரைக்கோளமாக வெளியே பிதுங்கி நிற்கும் கண்ணாடி அது. லென்சின் நுழைவுக் கண், அக்கோளத்தின் நடுப்புள்ளியில் அமைந்துவிட்டால் எத்திசையிலிருந்து வரும் கதிரும் கண்ணாடியை நேராகவே சந்திக்கும்; வளையாது. இழந்த அகலம் மீளும். லென்சு முன்னே பின்னே நகர்ந்து அமைந்தால் இப்பயன் குறையும். அதனாலேயே ஒவ்வொரு லென்சுக்கும் உரிய நீட்டிப்பு வளையத்தை முகப்புக்கும் உறைக்கும் இடையே பொருத்துகின்றனர். சில மி.மீ. பிழையும் படத்தின் மூலைகளில் தெரியும்.

குவிமாடம் செய்யும் மற்றொரு செயல் பெருவியப்புக்குரியது. நீரோடு சேர்ந்து அதுவே ஒரு லென்சாகிவிடுகிறது. தொலைவில் உள்ள கடற்காட்சி முழுவதையும் தன் முன்னே அண்மையில் ஒரு மாய உருவமாக நிறுத்துகிறது. கண்ணாடி மெல்லியதாக இருப்பின், கோளத்தின் ஆரத்தைப் போல மூன்று மடங்குத் தொலைவிலேயே அவ்வுருவம் அமையும். 10 செ.மீ. ஆரமுள்ள குவிமாடத்தின் முன்னே 30 செ.மீ. இடைவெளிக்குள், அருகே உள்ள பவளம் முதல் கண்ணுக்கெட்டிய நீலம் வரை அனைத்தும் அடங்கிவிடும். உள்ளே உள்ள லென்சு மெய்யான கடலைக் காண்பதில்லை, இக்குறுங்கடலையே காண்கிறது. எனவே மிக அருகில் குவியும் ஆற்றல் அதற்கு வேண்டும். நிலத்தில் புகழ் பெற்ற அகல்கோண லென்சு ஒன்று, அருகில் குவிய இயலாமையால் சிறு குவிமாடத்தின் பின்னே குருடாகிவிடுவது உண்டு. முன்னே குளோஸ்-அப் லென்சு ஒன்றை மாட்டி அதற்குக் கண் கொடுப்பர்.

தமிழ் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. சங்கப் பாடலை உரையின் வழியே கற்பவன், உரையாசிரியர் தம் முன்னே நிறுத்திய பாடலையே முதலில் காண்கிறான். உறைக்கும் உரைக்கும் ஓரெழுத்தே வேறுபாடு!

அம்மாய உருவம் வளைந்திருப்பதால் நடுவில் கூர்மையும் மூலைகளில் மங்கலும் நேரும். பெரிய குவிமாடத்தில் இக்குறை தணியும். துளையைச் சுருக்கிப் படம் எடுத்தாலும் தணியும். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் அகல்கோண லென்சுக்கு எட்டு, ஒன்பது அங்குல விட்டமுள்ள முகப்பு வேண்டும் என்பது இதனாலேயே. 180 பாகை காணும் மீன்கண் லென்சோ நான்கு அங்குலக் குவிமாடத்திலும் நன்கு பணிபுரியும். அது மிக அருகில் குவியும். கோடுகளை வளைத்துக் காட்டும் அதன் குணம், நேர்கோடுகளே அரிதான கடலடியில் குற்றமாகத் தெரிவதில்லை. சிறு குவிமாடத்தைப் பவளக் கிளைகளுக்கு அருகே கொண்டு செல்வதும் எளிது. முதன்முதலில் அகன்ற காட்சிக்கு முனைவோர் மீன்கண் லென்சையும் சிறு குவிமாடத்தையும் தேர்தலே நன்று. பாதி வானும் பாதிக் கடலுமாக ஒரே படத்தில் பிடிக்க விழைவோர் மட்டும் பெருங்குவிமாடத்தை நாடலாம். நீர்மட்டம் அதில்தான் மெல்லிய கோடாக நிற்கும்.

முகப்பே வேண்டா எனத் துணிந்தவர்களும் உண்டு. பெல்ஜியப் பொறியாளர் ழான் டி வூட்டர்ஸ் வடிவமைத்த கலிப்சோ என்னும் கருவி, உறையின்றியே நீரில் இயங்கியது. 1963-இல் நிக்கான் நிறுவனம் அதனை நிக்கோனாஸ் என்னும் பெயரில் வெளியிட்டது. அதற்கென அமைந்த 15 மி.மீ. லென்சின் முன்கண்ணாடி கடல்நீரையே நேரடியாகத் தொட்டது. நீரும் லென்சின் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆதலால் நிலத்தில் அது பயன்படாது. 2001-இல் நிக்கோனாஸ் வரிசை நிறுத்தப்பட்டது. இலக்கக் கருவிகள் பெருகிய பின்னர், நிலத்துக் கருவியை உறையில் இடும் பழைய முறையே மேலோங்கியுள்ளது.

உறையைப் பற்றிச் சுருங்கக் கூறின் போதும். பாலிகார்பனேட் உறை விலை குறைந்தது. அலுமினிய உறை உறுதியும் விலையும் மிக்கது. இரண்டும் பெரும்பாலும் கருவியின் ஒரு மாதிரிக்கே பொருந்தும். கருவியை மாற்றினால் உறையும் வீணாகும். ஆகவே எந்த உறை என்று எண்ணுமுன், அவ்வுறையைச் செய்வோரிடம் வேண்டிய முகப்பும் வளையமும் உள்ளனவா எனக் கேட்டறிதல் வேண்டும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில், 10 செ.மீ. விட்டமுள்ள தட்டை முகப்பின்மேல் 230 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை அழுத்திக்கொண்டிருக்கும். அத்தனை அழுத்தத்தையும் தடுத்து நிற்பது ஓ-ரிங் எனப்படும் மெல்லிய ரப்பர் வளையம். அதன்மேல் கிடக்கும் ஒரு தலைமயிரோ மணல் துகளோ போதும், நீர் புக. மூழ்குமுன் உறைக்குள்ளிருந்து காற்றைச் சிறிது உறிஞ்சி எடுத்து, அவ்வெற்றிடம் குன்றாமல் நிற்கிறதா எனச் சோதிக்கும் முறை இன்று பரவியுள்ளது. தாம்சனுக்கு அது கிட்டியிருப்பின் அவர் பெட்டி ஒருகால் நனையாமல் மீண்டிருக்கும்.

இத்தனை கணக்கும் அழகிய படத்துக்கு மட்டுமாயின், பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடலாம். மன்னார் வளைகுடாவில் அவ்வாறு தள்ள இயலாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பரப்பு, 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. பவளப் பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்தமையால் அவற்றுள் இரண்டு தீவுகள் நீருள் அமிழ்ந்துவிட்டன. 2010-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் கடல் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளுத்தன. எவ்வளவு இருந்தது, எவ்வளவு மாண்டது என்பதற்கு நீரடிப் படங்களும் சான்றுகளுள் சேர்கின்றன. கலங்கல் மிக்க அக்கடலில் அருகே சென்று அகலமாக எடுத்த படமே பேசும். தட்டை முகப்பின் வழியே ஓராண்டும் குவிமாடத்தின் வழியே மறு ஆண்டும் எடுத்தால், ஒரே பவளம் ஒன்றில் பெரிதாகவும் மற்றொன்றில் சிறிதாகவும் தோன்றும். வளராத பவளம் வளர்ந்ததாகவும், தேயாதது தேய்ந்ததாகவும் ஆகிவிடும். ஆய்வாளர் அளவறிந்த சட்டம் ஒன்றைப் பவளத்தின்மேல் வைத்துப் படத்தினுள்ளேயே அளவையும் பதிவு செய்வது இதன் பொருட்டே. சட்டம் வைக்காமல் எடுத்த படத்துக்கு எந்த லென்சு, எந்த முகப்பு, எவ்வளவு தொலைவு என்னும் குறிப்பாவது உடன் இருத்தல் வேண்டும். அக்குறிப்பு இல்லாத பழைய படங்களில் பவளம் உயிரோடு இருந்தது தெரியும். எவ்வளவு இருந்தது என்பது தெரியாது.