முற்றத்தில் தொடங்கும் உழைப்புப் பாடம்

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் தோட்டத்துப் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் சென்று, பால்மரத்தின் பட்டையை அளவறிந்து சீவும் உங்களுக்கு உழைப்பின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கத்தி சற்று ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். ஆழம் குறைந்தால் பால் குறையும். அந்தக் கவனத்தை நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு பழக்குவது என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருளாகும்.

முற்காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பெற்றோருடன் நிரைக்குச் சென்று ஒட்டுப்பால் பொறுக்கினர், மங்கு துடைத்தனர். பலருடைய படிப்பும் அத்துடன் நின்றது. அந்நிலை மீண்டும் வரலாகாது. சிறுவர்களைக் கூலி வேலைக்கு அமர்த்துவதை 1966-ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பிள்ளைகளின் முதற்கடமை கல்வியே. ஆயினும், துரும்பையும் எடுத்துப் போடாமல் அவர்களை வளர்த்துவிட்டு, பெரியவர்களானதும் உழைப்பார்கள் என்று எதிர்பார்க்கலாமா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

இதற்கு ஏற்ற பள்ளி நம் வீட்டு முற்றமே. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். நம் நாட்டில் இரத்தக்கசிவு டிங்கிக் காய்ச்சல் முதன்முதலாக 1962-ஆம் ஆண்டு இந்தப் பினாங்கில்தான் பரவியது. அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பூச்சட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், வெட்டு நின்றுபோன மரத்தின் மங்கு ஆகியவற்றில் தேங்கும் நீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். எனவே, வாரந்தோறும் ஒரு நாளைக் குறித்து, வீட்டைச் சுற்றியுள்ள பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் அழியாமல் இருக்கும். மழை பெய்ததும் பொரிக்கும். ஆகவே தேய்த்துக் கழுவ வேண்டும். அரைகுறையாகச் செய்த வேலை செய்யாத வேலைக்குச் சமம் என்பதைப் பிள்ளை இங்கே கண்ணாரக் காண்கிறது. தன் கை உழைப்பால் தம்பியும் தங்கையும் பக்கத்து வீட்டாரும் நோயின்றி வாழ்கின்றனர் என்று அறியும்போது, அதன் உள்ளத்தில் பெருமிதம் பிறக்கிறது.

அடுத்தது காய்கறிப் பாத்தி. 1974-ஆம் ஆண்டு துன் அப்துல் ரசாக் அவர்களின் காலத்தில் தொடங்கிய பச்சைப் புத்தகத் திட்டம், வீட்டு நிலத்தில் உணவுப்பயிர் வளர்க்க மக்களை ஊக்குவித்தது. விலைவாசி ஏறும் இந்நாளிலும் அவ்வழி நமக்குப் பயன்படும். கீரை ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும்; வெண்டை காய்க்க இன்னும் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் நீரூற்ற மறந்தால் செடி வாடி நின்று அதனை உணர்த்தும்.

பெற்றோர்களே, சிலவற்றை மனத்திற் கொள்ளுங்கள். வயதுக்கேற்ற வேலையைக் கொடுங்கள். சருகு பொறுக்குவது சிறு குழந்தைக்கும், செடிக்கு நீரூற்றுவது எட்டு வயதுப் பிள்ளைக்கும், சிறு பாத்தி கொத்துவது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும். களைக்கொல்லியையும் பூச்சிமருந்தையும் அவர்கள் தொடலாகாது. பெண்பிள்ளை கூட்ட, ஆண்பிள்ளை பார்த்திருக்கும் வழக்கம் ஒழியட்டும். தண்டனையாக வேலை கொடுத்தால் உழைப்பின்மீதே வெறுப்பு உண்டாகும். வேலை முடிந்ததும் சென்று பாருங்கள். குறையிருந்தால் அன்புடன் சுட்டிக்காட்டி, அவர்களையே திருத்தச் செய்யுங்கள். நன்றாயிருந்தால் மனமாரப் பாராட்டுங்கள்.

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. நம் பிள்ளைகள் தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ செல்லக்கூடும். எங்குச் சென்றாலும், ஏற்ற வேலையை நேரத்தில், முழுமையாக முடிக்கும் பழக்கம் அவர்களுடன் செல்லும். அச்செல்வத்தை வழங்கப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு விளக்குமாறும், சிறு மண்வெட்டியும், உங்கள் நேரத்தில் அரைமணியும் போதும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.