குரலால் வென்ற இருவர்



தமிழகத்தின் எல்லைக்கு வெளியே வாழும் நம்மை ஒருங்கே கூட்டுவிக்கும் ஆற்றல் வானொலிக்கு உண்டு. மும்பையின் தாராவியில் இருப்பவரும், டில்லியின் கரோல்பாக்கத்தில் இருப்பவரும், கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் இருப்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறியார். எனினும் ஒரே குரலுக்குச் செவி சாய்க்கின்றனர். ஆதலின் குரலைப் பற்றியே இன்று சிறிது பேசலாம் என்று எண்ணினோம். அதற்குத் துணையாக இரு திரைப்பட நடிகர்களின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டோம். ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டவரான ஷான் கானரி. மற்றவர் நாம் அனைவரும் நன்கறிந்த எம். ஜி. இராமச்சந்திரன்.

நடிகர் வரலாறு பொழுதுபோக்குக்கு உரியதுதானே, அதில் நமக்கு ஆவது என்ன என்று சிலர் வினவக்கூடும். எங்கள் ஊரில் நாள்தோறும் நிகழும் ஒன்றைச் சொன்னால் அவ்வினாவுக்கு விடை கிடைக்கும். தங்கவயலில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் ஒரு திருமணத்தின் பொருட்டு வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ செல்கின்றனர். அவர்கள் வாய் திறந்து நான்கு சொல் பேசியதுமே, "நீ எந்த ஊர்ப்பா?" என்ற கேள்வி எழுகிறது. கூடவே ஒரு சிறு புன்னகை. எங்கள் தமிழில் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் கலந்து ஒலிப்பதே அதற்குக் காரணம். அதே பிள்ளை பெங்களூருக்கு வேலை தேடிச் சென்றால், அங்கே அவன் பேசும் கன்னடத்தைக் கேட்டு அதே கேள்வியை வேறு மொழியில் கேட்கின்றனர். இரண்டு இடத்திலும் நாணமுற்ற பிள்ளை நாளடைவில் பேச்சைக் குறைத்துக்கொள்கிறான். நாவில் புழங்காத மொழி வீட்டில் நெடுங்காலம் தங்காது. இதுவே எங்கள் கவலை. பிற மாநிலங்களில் வாழும் உங்கள் கவலையும் இதுவாகவே இருக்கக்கூடும்.

எங்கள் ஊரின் கதையை அறியாதவர்க்காகச் சில சொற்கள். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்கே பொன் தோண்டும் பொறுப்பை ஏற்றனர். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்த, ஆயிரக்கணக்கான உழைப்பாளர் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை சென்றது. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குப் பொன் எடுக்கப்பட்டது என்பர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை சைனைடு மண்மேடுகளும், வரிசை வரிசையான தொழிலாளர் குடியிருப்புகளும், விடியலுக்கு முன்பே மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் புறப்படும் ரயில் பயணிகளுமே ஆவர்.

இனி நம் நடிகர்களிடம் வருவோம்.

ஷான் கானரி 1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் எடின்பரோ நகரின் ஃபவுண்டன்பிரிட்ஜ் என்னும் தொழிலாளர் பகுதியில் பிறந்தார். தந்தை ஆலைத் தொழிலாளியாகவும் லாரி ஓட்டுநராகவும் இருந்தவர். தாயார் பிறர் இல்லங்களைத் துப்புரவு செய்து பொருள் ஈட்டியவர். பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்ட கானரி, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பால் வண்டியில் வேலை பார்த்தார். பின்னர்க் கடற்படையிற் சேர்ந்து, வயிற்றுப் புண்ணால் விடுவிக்கப்பட்டார். லாரி ஓட்டினார், சவப்பெட்டிகளுக்கு மெருகிட்டார், ஓவியக் கல்லூரி மாணவர்க்கு முன்னே அசையாது நின்று கூலி பெற்றார். சுரங்க வாயிலில் அன்றாட வேலைக்குக் காத்து நின்ற தலைமுறையின் வழிவந்த எங்களுக்கு இந்தப் பட்டியல் புதியதன்று.

1953ஆம் ஆண்டில் உடற்கட்டுப் போட்டியொன்றிற் பங்கு கொள்ள லண்டன் சென்றவருக்கு, 'சௌத் பசிஃபிக்' என்னும் இசை நாடகத்தின் குழுவில் ஒரு சிறு இடம் கிடைத்தது. அக்குழுவிலிருந்த ராபர்ட் ஹெண்டர்சன் என்ற நடிகர் அவருக்கு ஓர் உதவி செய்தார். அது பொருளுதவியன்று; படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல். இப்சன், பெர்னார்ட் ஷா, ஜேம்ஸ் ஜாய்ஸ் போன்றோரின் நூல்கள் அதில் இருந்தன. நாடகக் குழு ஊர் ஊராகச் சென்றபோது, பள்ளியை விட்ட அந்தப் பால்காரர், சென்ற ஊரிலெல்லாம் நூலகத்தை நாடிப் படித்தார். இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1962ஆம் ஆண்டு வெளிவந்த 'டாக்டர் நோ' என்ற படத்தில் ஜேம்ஸ் பாண்ட் என்னும் ஒற்றன் வேடத்தை ஏற்றார். உலகப் புகழ் அவரைத் தேடி வந்தது. 1964இல் வந்த 'கோல்டுஃபிங்கர்' படத்தின் கதை முழுதும் பொன்னைச் சுற்றியே சுழல்கிறது. திரையில் அந்தப் பொன் மின்னிய அதே ஆண்டுகளில், எங்கள் பெரியோர் பூமிக்கடியில் வெப்பத்திலும் பாறை வெடிப்பின் அச்சத்திலும் மெய்யான பொன்னைத் தேடிக்கொண்டிருந்தனர். ஸ்காட்லாந்துக்கும் எங்களுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. தூளாக்கிய கல்லிலிருந்து சைனைடு கொண்டு பொன்னைப் பிரிக்கும் முறை, 1887ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் கண்டுபிடிக்கப்பட்டதே. எங்கள் ஊர் மண்மேடுகள் அந்தக் கண்டுபிடிப்பின் எச்சங்கள் எனலாம்.

கானரியிடம் நாம் கருதத்தக்கது அவர் குரலே. அவர் பேசிய ஆங்கிலம் எடின்பரோ தெருக்களின் ஆங்கிலம். 'ச' ஒலியும் 'ர' ஒலியும் அவர் நாவில் தனி வகையாய் உருளும். புகழ் பெற்ற பின் அயர்லாந்து வழிவந்த காவலராக நடித்தார். அதற்காக 1988இல் ஆஸ்கர் பரிசும் பெற்றார். 1990இல் ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலின் தலைவராக நடித்தார். இந்தியாவில் பணிபுரிந்த பழைய ஆங்கிலப் படைவீரராக 1975இல் நடித்தார். வேடம் எதுவாயினும் அந்த ஸ்காட்லாந்து உச்சரிப்பு மட்டும் அவரை விட்டு அகலவில்லை. குறை கூறினோர் பலர். அக்குறையே நாளடைவில் அவருடைய அடையாளமாயிற்று.

தாய்நாட்டை விட்டு நெடுங்காலம் வெளிநாடுகளில் வாழ்ந்தவர் அவர். ஆயினும் 1971இல் வெளிவந்த ஒரு பாண்ட் படத்தில் நடித்துப் பெற்ற பெருந்தொகையைக் கொண்டு, ஸ்காட்லாந்து இளைஞர்களின் கல்விக்காக ஓர் அறக்கட்டளை நிறுவப்படச் செய்தார். நாட்டின் தன்னாட்சிக்காகக் குரல் கொடுத்தார். 2020ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், பகாமாஸ் தீவில், தம் 90ஆம் வயதில் மறைந்தார்.

எம். ஜி. இராமச்சந்திரனின் வரலாறு இதற்கு எதிர்த்திசையில் செல்வது. கானரி தாய்நாட்டிலிருந்து வெளியே சென்றவர். இவரோ வெளியே பிறந்து தமிழகத்துக்கு வந்து சேர்ந்தவர். 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் இலங்கையில் கண்டிக்கு அருகேயுள்ள நாவலப்பிட்டியிற் பிறந்தார். பெற்றோர் பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்தவர். வீட்டு மொழி மலையாளம். இளமையிலேயே தந்தையை இழந்த பிள்ளைகளுடன் அன்னை சத்தியபாமா கும்பகோணம் வந்து சேர்ந்தார். வறுமையின் காரணமாகப் பள்ளியை விட்டு, அண்ணன் சக்கரபாணியுடன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியிற் சேர்ந்தார் சிறுவர் இராமச்சந்திரன்.

அக்காலத்து நாடகக் கம்பெனி பிழைப்புக்கான இடமாக மட்டுமின்றிக் கல்விச்சாலையாகவும் விளங்கியது. வசனத்தை மனப்பாடம் செய்வதும், சொல்லைத் திருத்தமாக ஒலிப்பதும், பாட்டும், சண்டைப் பயிற்சியும் அங்கே நாள்தோறும் நடந்தன. தாயிடம் மலையாளம் கேட்ட பிள்ளைக்குத் தமிழ் வாய்த்தது அந்த மேடையிலேதான். 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' படத்தில் காவல் அதிகாரியாகச் சிறு வேடம். கதாநாயகனாக அவரை உயர்த்திய 'இராஜகுமாரி' வெளிவந்தது 1947இல். இடையே 11 ஆண்டுகள் சிறு வேடங்களிலேயே கழிந்தன. பின்னர் 'மந்திரி குமாரி', 'மலைக்கள்ளன்' என வெற்றிகள் தொடர்ந்தன. 1958இல் தாமே தயாரித்து, தாமே இயக்கி, இரு வேடங்களில் நடித்த 'நாடோடி மன்னன்' அவர் புகழை நாடெங்கும் நிறுவியது. 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக இந்தியாவின் சிறந்த நடிகர் என்ற தேசிய விருதும் கிட்டியது. படகோட்டியாகவும், உழவனாகவும், ரிக்‌ஷா இழுப்பவனாகவும் திரையில் தோன்றிய அவரைத் தங்கவயல் உழைப்பாளர் தம்முள் ஒருவராகவே கருதினர். அவர் தொடங்கிய கட்சி கருநாடக மாநிலத்திலேயே எங்கள் தொகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்தல்களில் வென்றது என்றால், அந்தப் பற்றின் ஆழம் விளங்கும்.

1967ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் அவர் சுடப்பட்டார். குண்டு கழுத்திற் பாய்ந்தது. உயிர் பிழைத்தது, ஆனால் பழைய குரல் மீளவில்லை. நடிகனுக்குக் குரல் போவது உழவனுக்கு ஏர் போவது போன்றது. பிறர் ஒருவரைக் கொண்டு தமக்குக் குரல் கொடுக்கச் செய்ய அவரால் இயன்றிருக்கும். அவரோ மாறிப்போன குரலிலேயே தாம் பேசினார். அவ்வாண்டிலேயே வெளிவந்த 'காவல்காரன்' படத்தில் மக்கள் அந்தக் குரலைக் கேட்டனர், ஏற்றனர். 1977இல் முதலமைச்சரானார். 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரிவுபடுத்தினார். பசியால் பள்ளியை விட்ட பிள்ளை, பசியால் எவரும் பள்ளியை விடலாகாது என்று எண்ணியது இயல்பே. 1984இல் நோய் தாக்கிப் பேச்சு மேலும் தளர்ந்த பின்பும் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். 1987ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் மறைந்தார்.

நேயர்களே, இவ்விருவரையும் வழிபடுமாறு நாம் கூறவில்லை. நடிகரும் குறைநிறை உடைய மனிதரே. அவர்தம் அரசியலை ஒப்புவதும் மறுப்பதும் அவரவர் உரிமை. சுவரொட்டிக்குப் பாலூற்றுவதைக் காட்டிலும் அவர்கள் உழைத்த உழைப்பை உணர்வது மேல் என்பதே நம் கருத்து.

அவ்வுழைப்பிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, உச்சரிப்பு ஒரு குற்றமன்று. எடின்பரோவின் தெருப்பேச்சு உலகத் திரையில் ஒலிக்கலாம் என்றால், தங்கவயல் தமிழும், தாராவித் தமிழும் எந்தக் கூட்டத்திலும் ஒலிக்கலாம். எங்கள் பேச்சிலுள்ள ஒவ்வொரு கலப்புச் சொல்லும் எங்கள் முன்னோர் யாருடன் சேர்ந்து சுரங்கத்தில் இறங்கினர் என்பதற்குச் சான்று. அதைத் துடைத்தெறிய வேண்டியதில்லை. நம் பிள்ளை நான்கு சொல் பேசும்போது நகைக்கும் உறவினரிடம், "இது எங்க ஊர்த் தமிழ்" என்று பணிவோடும் உறுதியோடும் சொல்லப் பெற்றோர் கற்றுத்தருதல் வேண்டும்.

ஆனால் ஒரு வினா எழும். கானரி புகழ் பெற்றவர்; அவர் உச்சரிப்பை உலகம் பொறுத்துக்கொண்டது. ஏழைப் பிள்ளையின் உச்சரிப்பை யார் பொறுப்பர்? நியாயமான கேள்வி. விடை, முன்பு நினைவில் வைக்க வேண்டிய அந்த நூற்பட்டியலில் இருக்கிறது. புகழ் வருமுன்பே, கூட்டத்தில் ஒருவராய் நின்ற காலத்திலேயே, கானரி படித்தார். நாவை மாற்றாமல் அறிவை வளர்த்தார். இராமச்சந்திரனோ வீட்டில் வழங்காத மொழியை மேடையில் நாள்தோறும் பயின்று தமதாக்கினார். இதுவே இரண்டாவது பாடம். கலப்புத் தமிழ் பேசுவது குறையன்று; தமிழைப் படிக்க அறியாதிருப்பதே குறை. எங்கள் ஊரிலும் உங்கள் ஊர்களிலும் தமிழ் பேசுகின்ற, ஆனால் தமிழெழுத்தைப் படிக்க இயலாத பிள்ளைகள் பெருகி வருகின்றனர். பாட்டி வைத்துச் சென்ற கடிதங்களைப் பேரன் படிக்க இயலவில்லை என்றால், அந்தக் குடும்பத்தின் ஒரு கதவு அடைபட்டுவிட்டது என்றே பொருள்.

அக்கதவைத் திறக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இரவு உணவுக்குப் பின் கால்மணி நேரம், ஒரு பத்திரிகை, சத்தமாகப் படிக்க ஒரு பிள்ளை, கேட்க ஒரு பெரியவர் இருந்தால் போதும். கன்னட நாட்டில் வாழ்வோர் கன்னடத்தையும், மராட்டிய நாட்டில் வாழ்வோர் மராட்டியையும் நன்கு கற்றல் வேண்டும். உண்ணும் உணவு அந்த மண்ணின் கொடை அன்றோ? ஒரு மொழியை விரும்பிக் கற்றவன் மற்றொன்றை இழப்பதில்லை என்பதை நாவலப்பிட்டியிற் பிறந்த அந்த மனிதரின் வாழ்வே காட்டுகிறது.

அண்மை ஆண்டுகளில் எங்கள் ஊர்ப் பெயர் திரைப்படங்களால் நாடெங்கும் பரவியது. 2018இல் வந்த கன்னடப் படமும், 2024இல் வந்த 'தங்கலான்' என்ற தமிழ்ப் படமும் அதற்குச் சான்று. பிறர் எங்களைப் பற்றிப் பேசுவது நன்றே. ஆயினும் எங்கள் கதையை எங்கள் பிள்ளைகளே எழுதவும் படிக்கவும் வல்லவராகும் நாளை நாங்கள் எதிர்நோக்குகிறோம். சுரங்கம் மூடப்பட்டது, குரல் மூடப்படலாகாது.