பொழுது சாயும் நேரத்தில் ஆஷ்வில்

இன்றைக்கு உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போகிறேன். நியூயார்க், கலிஃபோர்னியா என்று நினைத்துவிடாதீர்கள். வட கரோலினா மாநிலத்தின் மேற்குப் பக்கம், அப்பலாச்சிய மலைகளுக்கு நடுவே ஆஷ்வில் என்று ஓர் ஊர். அங்கே போகிறோம்.

ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். ஆனால் வானத்தைக் குத்தும் சிகரங்களைத் தேடாதீர்கள். இமயம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே எழும்பி, மழையிலும் காற்றிலும் தேய்ந்து உருண்டுபோன கிழ மலைகள் இவை. இந்தத் தொடரிலேயே உயரமான மவுண்ட் மிட்செல் 2037 மீட்டர்தான். நம் தொட்டபெட்டா அதைவிட 600 மீட்டர் கூடுதல். ஆனாலும் காட்டின் அடர்த்தியில் இவை யாருக்கும் சளைத்தவை அல்ல. மரங்கள் வெளிவிடும் ஒருவகை ஆவி காற்றில் கலந்து, தூரத்து மலைகளின்மேல் நீலப் புகையாகப் படிந்திருக்கிறது. ஜூன் மாதத்தில் க்ராகி கார்டன்ஸ் என்ற மேட்டுக்கு ஏறினால் ரோடோடென்ட்ரான் புதர்கள் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கும். நீலகிரிச் சோலைகளில் ரத்தச் சிவப்பாகப் பூக்கிறதே ஒரு மரம், அதற்கு இது ஒன்றுவிட்ட தங்கை.

இந்தப் பூவை வைத்துத்தான் நம் கதை தொடங்குகிறது. 1928இல் ஊர் வணிகர் சங்கம் ரோடோடென்ட்ரான் விழா என்று ஒன்றை ஏற்பாடு செய்தது. சுற்றுலாப் பயணிகளை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். கூடவே கொஞ்சம் உள்ளூர்ப் பாட்டும் ஆட்டமும் இருக்கட்டும் என்று பாஸ்கம் லமார் லன்ஸ்ஃபோர்டு என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஊறுகாய் மாதிரி சேர்த்த அந்த நிகழ்ச்சி இரண்டே வருடத்தில் தனி விழாவாகப் பிரிந்தது. பூவிழா பிறகு நின்றுபோனது. மலை ஆட்டப்பாட்டு விழா இன்றும் நடக்கிறது, ஒவ்வோர் ஆகஸ்டிலும்.

இந்த லன்ஸ்ஃபோர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். படித்த வழக்கறிஞர். ஆனால் இளம் வயதில் பழமரக் கன்று விற்கிறேன் என்று மலைக்கிராமங்களில் வீடு வீடாகப் போனவர். கன்று எவ்வளவு விற்றதோ, பாட்டு நிறையச் சேர்ந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்து, பின்னாளில் அத்தனையையும் ஒலிப்பதிவுக்குப் பாடிக் கொடுத்தார். மலைக்காரர்கள் என்றால் கிழிந்த உடையும் சாராய ஜாடியுமாகக் கேலிப்படம் வரைந்த காலம் அது. அவரோ கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கறுப்பு போ-டையும் இல்லாமல் மேடை ஏற மாட்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதியதில் மிகவும் பரவிய பாட்டு கள்ளச்சாராயத்தைப் பற்றியதுதான்! அதன் உரிமையை 25 டாலருக்கு விற்றுவிட்டாராம்.

விழா தொடங்கும் நேரம் என்று மணிக்கணக்கு எதையும் அவர் அறிவிக்கவில்லை. பொழுது சாயும் நேரம் என்றார். இன்றுவரை அப்படியே சொல்கிறார்கள்.

அங்கே காதில் முதலில் விழுவது பாஞ்சோ. தோல் போர்த்திய வட்டத்தின்மேல் ஐந்து தந்தி. அதில் ஒன்று மட்டும் குட்டை. நம் சுருதிபோல ஒரே ஸ்வரத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கும். பின்னாளில் நாட்டார் பாடகராகப் புகழ்பெற்ற பீட் சீகர், 1936இல் பதினேழு வயதில் இந்த விழாவில்தான் இந்தக் கருவியில் மயங்கினார். அதற்குப் பிறகு அவர் வாழ்நாள் முழுக்க அதைக் கீழே வைக்கவில்லை. அடுத்து ஃபிடில். நம் வயலின்தான், ஆனால் கமகம் வேறு, வேகம் வேறு. பின்னாலேயே ஆட்டக்காரர்கள் வருவார்கள். காலணியின் அடியில் லாடம்போல உலோகத் தகடு. எட்டு ஜோடி ஒரே நேரத்தில் மரப்பலகையில் குதித்தால் அதற்குத் தனி மேளம் எதற்கு? 1939இல் இந்த மலைகளின் ஆட்டக்குழு ஒன்று வெள்ளை மாளிகையில், இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் முன்னால் ஆடியது.

எனக்கு அதிகம் பிடித்தது இந்த ஆரவாரம் அல்ல, வாத்தியமே இல்லாத கதைப்பாட்டு. பக்கத்து மாடிசன் கவுண்டியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துப் பழங்கதைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வருகிறார்கள். 1916இல் செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் தம் நாட்டுப் பாட்டுகளைத் தேடி அட்லாண்டிக் கடலைத் தாண்டி இங்கே வந்தார். ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஜேன் ஹிக்ஸ் ஜென்ட்ரி என்ற ஒரே பெண்மணி அவருக்குச் சுமார் 70 பாட்டுகள் பாடினார். கொலையும் துரோகமும் நிறைந்த கதையை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பாடுவதுதான் இந்த மரபு. அழுவது கேட்பவர் பாடு. எதிரெதிரே உட்கார்ந்து, முழங்காலோடு முழங்கால் உரச, அடி அடியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் பாடாந்தரம்தான்.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். பாஞ்சோ அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தந்த கருவி. சுரைக்குடுக்கையில் தோல் கட்டி அவர்கள்தான் முதலில் வாசித்தார்கள். ஆட்டத்திலும் அவர்கள் காலும், இந்த மலைகளின் ஆதிக்குடிகளான செரோக்கியர் காலும் கலந்திருக்கின்றன. செரோக்கிய ஆட்டக்காரர்களை லன்ஸ்ஃபோர்டு மேடைக்கு அழைத்தார். கறுப்பினக் கலைஞர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பாட்டு சேகரித்த ஷார்ப்பும் அவர்கள் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. 2005இல் அதே மலைத்தொடரில் பூன் என்ற ஊரில் கறுப்பின பாஞ்சோக் கலைஞர்கள் கூடியபோதுதான் விட்டுப்போன பாதிக் கதையை ஊரறியச் சொல்ல முடிந்தது. கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற இசைக்குழு அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான்.

நீங்கள் ஆஷ்வில் போவதானால் கோடையில் போங்கள். ஊர் நடுவே புல்வெளியில் 1967 முதல் சனிக்கிழமை மாலைகளில் 'ஷிண்டிக் ஆன் தி கிரீன்' என்று ஒரு கூட்டம் நடக்கிறது. பாட்டி, பேரன், நாய் எல்லாம் வரும். மேடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடாதீர்கள். சுற்றி மரத்தடிகளில் வட்டம் வட்டமாக வாசித்துக்கொண்டிருப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே பாட்டில் சேர்ந்துகொள்வார்கள். பக்கத்தில் போய் நின்றால் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள். உங்களுக்கு ஏதாவது வாத்தியம் தெரியுமானால் கையோடு எடுத்துப் போங்கள். டிக்கெட் கிடையாது. நாற்காலி மட்டும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.