கிருமி என்னும் சொல்லும் இராணிப்பேட்டை மண்ணும்

 

உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாக்கிய தொல்காப்பிய மரபியல், புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தது. கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் அவ்வரிசையில் இடம்பெறாதது இயல்பே. ஆலந்து நாட்டு லேவன்ஹுக் 1676இல் தம் கண்ணாடி வில்லையால் கண்ட பிறகே அவை உலகுக்குத் தெரியவந்தன. ஆயினும் தமிழில் அவற்றுக்கு வழங்கிய பெயர் ‘கிருமி’. நோயை மட்டுமே நினைவூட்டும் சொல். மண்ணைத் தாயென்று பாடும் கவிஞர்கூட, ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கில் வாழும் இவ்வுயிர்களைப் பாடுவதில்லை. (பாட்டில் கிருமி வந்தால் அது பெரும்பாலும் பகைவனுக்கு உவமையாகவே வரும்.)

சேரப்பணஞ்சேரியைச் சூழ, ஒரகடம் முதல் திருப்பெரும்புதூர் வரை ஆலைகள் பல எழுந்துள்ளன. ஆலை வந்த மண்ணெல்லாம் கெட்டது என்பது இவ்வுரையின் கருத்தன்று. கெட்ட மண்ணுக்கு எடுத்துக்காட்டு, திருப்பெரும்புதூரைக் கடந்து மேற்கே செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இராணிப்பேட்டையில் உள்ளது. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைச் செய்த ஆலையொன்று அங்கே 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல். உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களுள் ஒன்றாக, அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் இராணிப்பேட்டையைக் குறித்தது.

குரோமியத்துக்கு இரு முகங்கள் உண்டு. ஆறாம் இணைதிற வடிவம் நீரில் எளிதில் கரையும், நிலத்தடி நீரோடு ஊர் கடக்கும், புற்றுநோய் தரும். மூன்றாம் இணைதிற வடிவமோ பெரும்பாலும் கரையாது மண்ணோடு ஒட்டி நிற்கும். மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் முதலதை இரண்டாவதாக மாற்ற வல்லவை. நஞ்சு அழிவதில்லை, நடமாட்டம் இழக்கிறது.

இனி வேரின் கதை. 2006இல் ராஜ்குமார், நாகேந்திரன் முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உலோகம் மிகுந்த மண்ணிலிருந்தே பிரித்தெடுத்த ஒரு சூடோமோனாஸையும் ஒரு பேசில்லஸையும் கடுகுச் செடிக்குத் துணையாக்கிக் குரோமிய மண்ணில் வளர்த்தனர். நஞ்சு நிலத்திலேயே பிறந்து பழகிய உயிர்கள் அவை. வேரைத் தூண்டும் வளர்ச்சிப் பொருளைச் சுரந்தன. இரும்பைப் பற்றும் சேர்மத்தை வெளியிட்டன. பூட்டிக்கிடந்த பாஸ்பேட்டைக் கரைத்தன. துணையின்றி நின்ற செடியினும் துணை பெற்ற செடி செழித்தது. ஆனால், செடியின் உடலில் சேர்ந்த குரோமியத்தின் அளவு மாறவில்லை!

இம்முடிவை ஏமாற்றமென ஒதுக்குதல் பிழை. புல்லும் முளைக்காத வெற்று நிலத்தில் காற்று புழுதியைக் கிளப்பும். மழை நஞ்சைக் கரைத்தோடும். அங்கே ஒரு செடி உயிரோடு நிற்பதே முதற் காவல். எனினும், மலைபோல் குவிந்த கழிவுக்கு இது மருந்தாகாது. குவியலை அகற்றியோ மூடிக் காத்தோ முடித்த பின், சுற்றியுள்ள மெலிந்த மாசுக்கே செடியும் நுண்ணுயிரும் பயன்படும். அதற்கும் ஆண்டுகள் பல வேண்டும்.

அந்நிலத்தில் விளைந்த கடுகை ஆட்டி எண்ணெய் எடுத்தலாகாது. தழையை மாட்டுக்கு இடலாகாது. எரித்தாலும் உலோகம் சாம்பலில் தங்கும். அச்சாம்பலை நீர் புகாத குழியில் இட்டு மூடவேண்டும்.